மின் அமைப்பின் திறனை அளப்பது எப்படி? வளரும் நாடுகளை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்கள், செய்தியாளர்கள், ஒழுங்குமுறை ஆணைய விசாரணைக்கு வரும் நுகர்வோர் அமைப்பினர் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். வளரும் நாடுகளில் சிக்கல் சூத்திரத்தில் இல்லை. சூத்திரத்துக்குள் போகிற எண்களில் எது மீட்டரிலிருந்து வந்தது, எது மேசையில் உட்கார்ந்து மதிப்பிட்டது என்பதில்தான் இருக்கிறது. பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

மின் அமைப்பின் திறன் என்றால் இழப்புச் சதவீதம்தானே? வேறு என்ன இருக்கிறது?

இழப்பு ஒரு பகுதிதான். எரிபொருளிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுத்தீர்கள், அதில் எவ்வளவு நுகர்வோர் வாசல்வரை போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததற்கு எவ்வளவு பணம் வந்தது, நுகர்வோர் கேட்ட நேரத்தில் சரியான அழுத்தத்தில் கிடைத்ததா என்று நான்கு கேள்விகள் உண்டு.

இந்த நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றை மட்டும் அழகாக்கிக் காட்ட, இன்னொன்றைக் கெடுத்தால் போதும். அதனால் ஒரே எண்ணை வைத்து ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ புகழ்கிற கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

அனல்மின் நிலையம் 35 சதவீதத் திறன் என்கிறார்கள். மீதி 65 சதவீதம் வீணாகப் போகிறதா?

போகிறது. பெரும்பகுதி நீராவியைக் குளிர்விக்கும்போது வெப்பமாக வெளியேறுகிறது. அது வெப்ப இயக்கவியல் வைத்த எல்லை, நிர்வாகக் கோளாறு அல்ல. நிலையத்தில் இதை ‘ஹீட் ரேட்’ என்று சொல்வார்கள், அதாவது ஒரு யூனிட்டுக்குச் செலவான கிலோ கலோரி. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஹீட் ரேட் 2,450 என்றால் திறன் 860 ÷ 2,450 = 35.1 சதவீதம்.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். முதலாவது, அது ஜெனரேட்டர் முனையில் அளந்ததா, நிலையத்தை விட்டு வெளியேறும் இடத்தில் அளந்ததா என்பது. நிலக்கரி நிலையத்தின் பம்புகள், மின்விசிறிகள், அரவை ஆலைகளே உற்பத்தியில் 6 முதல் 9 சதவீதத்தைத் தின்றுவிடும். 8 சதவீதம் என்று வைத்தால் 35.1 என்பது 32.3 ஆகிவிடும். இரண்டாவது, எரிபொருளின் மொத்த வெப்ப மதிப்பா, நிகர வெப்ப மதிப்பா என்பது. இயற்கை எரிவாயுவில் இரண்டுக்கும் சுமார் 10 சதவீத வித்தியாசம் உண்டு. ஒரே நிலையம் ஓர் அறிக்கையில் 50, இன்னோர் அறிக்கையில் 45 என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நீர்மின்சாரம், சூரியமின்சாரத்துக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்?

சரியாக வராது. சர்வதேச எரிசக்தி முகமை தன் ஆற்றல் இருப்புக் கணக்கில் நீர், காற்று, சூரிய மின்சாரத்தை 100 சதவீதத் திறன் என்றும், அணுமின்சாரத்தை 33 சதவீதம் என்றும், புவிவெப்ப மின்சாரத்தை 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்கிறது. இது கணக்கு வசதிக்கான மரபு. நல்ல மழை பெய்த வருடத்தில் ஒரு நாட்டின் ‘மொத்த மாற்றுத் திறன்’ ஏறியிருந்தால், அங்கே யாரும் எதையும் சீர்திருத்தினார்கள் என்று அர்த்தமில்லை.

ஆலை பாதி நாள் சும்மா நிற்கிறது. பி.எல்.எஃப். (முழுக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் ஓடியது என்ற கணக்கு) குறைவு என்றால் திறமைக் குறைவுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஓடத் தயாராக இருந்ததா, ஓட்டச் சொன்னார்களா என்பவை தனித்தனிக் கேள்விகள். 85 சதவீத நேரம் தயாராக இருந்தும், விலை அதிகம் என்பதால் அனுமதி கிடைக்காமல் 40 சதவீதம் மட்டும் ஓடிய ஆலையில் குறை ஆலைமேல் இல்லை, ஒப்பந்தத்தின்மேல். தயார்நிலையே 50 சதவீதம் என்றால் உதிரிபாகம், பராமரிப்பு, எரிபொருள் வரத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தயார்நிலை எண் இல்லாமல் பி.எல்.எஃப். மட்டும் கொடுத்தால் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

டி அண்ட் டி இழப்பு, ஏ.டி. அண்ட் சி. இழப்பு இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது, மின்கடத்தல்–பகிர்மான இழப்பு, யூனிட்டோடு நின்றுவிடும்: உள்ளே வந்த யூனிட்டிலிருந்து பில் போட்ட யூனிட்டைக் கழிப்பது. இரண்டாவது, மொத்தத் தொழில்நுட்ப–வணிக இழப்பு, பணம்வரை போகும். பில் திறன் என்பது பில் போட்ட யூனிட் ÷ உள்ளே வந்த யூனிட். வசூல் திறன் என்பது வசூலான தொகை ÷ பில் போட்ட தொகை. இரண்டையும் பெருக்கி 1-லிருந்து கழித்தால் ஏ.டி. அண்ட் சி. இழப்பு.

100 யூனிட் உள்ளே வந்து 82 யூனிட்டுக்குப் பில் போட்டு, பில் தொகையில் 92 சதவீதம் வசூலானால்: 0.82 × 0.92 = 0.7544. இழப்பு 24.56 சதவீதம். பலர் 18-ஐயும் 8-ஐயும் கூட்டி 26 என்று எழுதிவிடுகிறார்கள். பில்லே போடாத 18 யூனிட்டில் வசூல் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெருக்கத்தான் வேண்டும்.

2002-ல் டெல்லி மின்பகிர்மானத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, இந்த இழப்பை ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறைப்பார்கள் என்பதையே ஏல அளவுகோலாக வைத்தார்கள். அப்போது 50 சதவீத அளவில் இருந்தது, பிறகு 10-க்குக் கீழே வந்தது. திருட்டையும் பாக்கியையும் தனித்தனியாகக் கேட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடலாம். பெருக்கிக் கேட்டால் அதற்கு வழியில்லை.

வசூல் திறன் 103 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா?

பெரும்பாலும் இல்லை. பழைய பாக்கி இந்த வருடம் வந்து சேர்ந்திருக்கும். அரசு அலுவலகங்கள் நான்கைந்து வருட நிலுவையை ஒரே காசோலையில் கட்டினால் அப்படித்தான் ஆகும். அந்த வருட ஏ.டி. அண்ட் சி. இழப்பு பொய்யாக இறங்கும். நிலுவைத் தொகையின் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று பாருங்கள். அரசு மானியமும் இதே வகைதான். ‘தருவோம்’ என்று அறிவித்த மானியத்தை வசூலாக எழுதினால் ஒரு எண் வரும், வங்கிக் கணக்குக்கு வந்த மானியத்தை எழுதினால் வேறு எண் வரும்.

தொழில்நுட்ப இழப்பு எவ்வளவு, திருட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

திருட்டை நேரடியாக அளக்க முடியாது. தொழில்நுட்ப இழப்பைக் கணக்கிட்டு, மொத்தத்திலிருந்து கழித்து மிஞ்சுவதைத் திருட்டு, மீட்டர் கோளாறு, பில் பிழை என்று சொல்கிறோம். ஆகவே தொழில்நுட்ப இழப்பைத் தாராளமாக மதிப்பிட்டால் திருட்டு சுருங்கிவிடும். கம்பிமேல் பழிபோடுவது யாருக்கும் மனக்கசப்பு தராத வழி.

கம்பியில் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பாரம் இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்கு. அதனால் உச்ச நேர இழப்பை அப்படியே ஆண்டு முழுவதற்கும் போடக்கூடாது. இழப்புப் பாரக் காரணி என்று ஒன்று வேண்டும், அதாவது சராசரி இழப்பு உச்ச இழப்பில் எத்தனை பங்கு என்பது. பாரக் காரணி என்பது இதேபோல் சராசரி பாரம் ÷ உச்ச பாரம். அதற்கு 0.3 × பாரக் காரணி + 0.7 × பாரக் காரணியின் வர்க்கம் என்ற தோராயச் சூத்திரம் பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு ஃபீடரின் (துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதை) உச்சம் 4 மெகாவாட், பாரக் காரணி 0.5, உச்ச நேர இழப்பு 12 சதவீதம், அதாவது 480 கிலோவாட் என்று வையுங்கள். இழப்புப் பாரக் காரணி 0.325. ஆண்டு இழப்பு 480 × 0.325 × 8,760 = 13.67 லட்சம் யூனிட். உள்ளே வந்தது 175.2 லட்சம் யூனிட். ஆக 7.8 சதவீதம். 12-ஐ அப்படியே எழுதியிருந்தால் 4 சதவீதத்துக்கு மேல் திருட்டு காணாமல் போயிருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு இழப்பு வேறு வகை. பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். 250 வாட் இரும்பு இழப்புள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வருடத்துக்கு 2,190 யூனிட் தின்னும். நுகர்வு குறைந்த கிராமங்களில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை வைத்துவிட்டு இழப்பு ஏன் இறங்கவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒரே ஒரு 11 கேவி ஃபீடரை எடுத்து அளக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஃபீடர் மீட்டரிலிருந்து. எல்லோரும் நுகர்வோர் மீட்டரைச் சந்தேகப்படுவார்கள், துணைமின் நிலையத்தில் இருப்பதை நம்பிவிடுவார்கள். மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக்கொடுக்கும் மூன்று சி.டி. (மின்னோட்ட மாற்றி), மூன்று பி.டி. (மின்அழுத்த மாற்றி) உள்ள இணைப்பில் ஒரு பி.டி. ஃபியூஸ் போனால், சமமான பாரத்தில் மீட்டர் உண்மையில் மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். ஒரு சி.டி. தலைகீழாக இணைந்திருந்தால் ஒரு ஃபேஸ் கழிந்து மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். 200/5 சி.டி.யை எடுத்து 400/5 வைத்தவர்கள் பெருக்குத்தொகையை 40-லிருந்து 80-க்கு மாற்ற மறந்தால் கணக்கு பாதியாகும். மூன்றிலுமே உள்ளே வந்தது குறைவாகத் தெரியும், இழப்பும் குறைந்ததுபோல் தோன்றும். நல்ல சேதியாகத் தெரிவதால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மூன்று ஃபேஸின் வோல்ட், ஆம்பியர், திறன் காரணி ஆகியவற்றை மீட்டர் திரையிலேயே பார்த்து, தனியாக ஒரு சோதனை மீட்டரோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிறகு எந்த நுகர்வோர் எந்த டிரான்ஸ்ஃபார்மரில், எந்த ஃபீடரில் இருக்கிறார் என்ற பட்டியல். அலுவலகப் பதிவேடு போதாது, கம்பியைத் தொடர்ந்து நடந்து சரிபார்க்க வேண்டும். பாரத்தைப் பங்கிடப் பக்கத்து ஃபீடருக்கு மாற்றிய டிரான்ஸ்ஃபார்மர் பழைய பட்டியலிலேயே இருந்தால், ஒரு ஃபீடரில் இழப்பு மாயமாகக் குறையும், இன்னொன்றில் கூடும். பழுதின்போது மறுபக்கத்திலிருந்து மின்சாரம் கொடுத்த மணிநேரங்களையும் துணைமின் நிலைய லாக் புத்தகத்திலிருந்து எடுத்துச் சரிக்கட்ட வேண்டும்.

கடைசியில் தேதி. ஃபீடர் மீட்டர் 1-ஆம் தேதி நள்ளிரவில் படிக்கப்படுகிறது, நுகர்வோர் மீட்டர் ரீடிங் 3-லிருந்து 20-ஆம் தேதிவரை இழுக்கிறது. ஒவ்வொரு நுகர்வோரின் நுகர்வையும் நாள் கணக்கில் பிரித்து ஒரே காலத்துக்குக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் 12 மாதத் தொகுப்பை மட்டும் வெளியிடுங்கள், மாத எண்ணை வெளியிடாதீர்கள்.

ஒரு மாதம் இழப்பு மைனஸில் வந்துவிட்டது. எப்படிச் சாத்தியம்?

மேலே சொன்ன தேதிச் சிக்கல்தான் முதல் சந்தேகம். வெயில் காலம் முடிந்து நுகர்வு இறங்கும் மாதத்தில் ஃபீடர் மீட்டர் குறைந்த மாதத்தைக் காட்டும், நுகர்வோர் பில் அதிக நுகர்வு இருந்த முந்தைய நாள்களையும் சேர்த்துக் காட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடும் இடங்களில் இது இன்னும் மோசம். அதை ஒதுக்கிய பிறகும் மைனஸ் என்றால் பி.டி. ஃபியூஸையும் நுகர்வோர் பட்டியலையும் பாருங்கள்.

விவசாய பம்ப்செட்டுக்கு மீட்டரே இல்லை. அந்த நுகர்வை எப்படி எழுதுகிறார்கள்?

இணைப்பின் குதிரைத்திறனை 0.746-ஆல் பெருக்கி, ஓடியதாகக் கருதும் மணிநேரத்தால் பெருக்கி எழுதுவது பழைய வழக்கம். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 3.73 கிலோவாட். அரசு அறிவிப்பில் 9 மணிநேரம் மின்சாரம், உண்மையில் வந்தது 6 மணிநேரம் என்றால் கணக்கு ஒன்றரை மடங்கு ஊதிவிடும். 100 யூனிட்டில் உண்மையான விவசாய நுகர்வு 20, எழுதியது 30 என்றால், 25 சதவீத இழப்பு அறிக்கையில் 15 ஆகிவிடும். மிச்சம் 10 மானியக் கோரிக்கையில் ஏறும். இந்திய மாநிலங்கள் சிலவற்றில் 1990-களின் பிற்பகுதியில் சீர்திருத்தத்துக்காகக் கணக்கை மறுபடி எடுத்தபோது, அதுவரை காட்டிய இழப்பு சட்டென்று ஏறியதற்குக் காரணம் இதுவே. அந்த வருடம் யாரும் புதிதாகக் கொக்கி போடவில்லை.

சரியான வழி: விவசாயத்துக்கென்று தனி ஃபீடர் பிரித்து ஃபீடர் மீட்டரை வைத்து எழுதுவது. அது இல்லாத இடத்தில், எழுந்தமானமாகத் தேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் மீட்டர் வைத்து, பயிர்ப் பருவம், நீர்மட்டம் இரண்டையும் பொறுத்துப் பிரிவாக்கி மதிப்பிடுவது. ஆழ்துளைக் கிணறும் திறந்தவெளிக் கிணறும் கலந்த பகுதியில் ஒரே சராசரி வேலைக்காகாது. ஓர் அறிக்கையில் ‘மீட்டர் இல்லாத நுகர்வு’ மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று முதலில் தேடுங்கள். அது 25 என்றால், இழப்பு எண்ணின் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதற்கு மதிப்பேயில்லை.

உலக வங்கி அட்டவணையில் நாடுகளை வரிசைப்படுத்தலாமா?

மிகவும் கவனமாக. அந்தத் தொடரில் இழப்பு உற்பத்தியின் சதவீதமாகக் கொடுக்கப்படுகிறது, திருட்டும் அதில் அடங்கும். உள்ளூரில் கொஞ்சமாக உற்பத்தி செய்து பெரும்பகுதியை நீண்ட காலம் இறக்குமதி செய்துவந்த டோகோ போன்ற நாட்டில் வகுக்கும் எண் சிறியதாகிவிடும், இழப்பு பயங்கரமாகத் தெரியும். இதாய்ப்பு அணையின் மின்சாரத்தை ஏராளமாக ஏற்றுமதி செய்யும் பராகுவேயில் இதற்கு நேர்மாறு: வகுக்கும் எண் பெரிதாகி, உள்நாட்டு இழப்பு சிறியதாகத் தெரியும். உற்பத்தி + இறக்குமதி − ஏற்றுமதி என்று வகுக்கும் எண்ணை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு வரிசைப்படுத்துங்கள்.

சைடி, சைஃபி என்கிறார்களே, அவற்றை எப்படிக் கணக்கிடுவது?

சைடி: ஒரு நுகர்வோருக்குச் சராசரியாக வருடத்தில் எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லை. சைஃபி: எத்தனை முறை போனது. 5,000 இணைப்புள்ள ஊரில் ஒரு தடை 2,000 பேரை 90 நிமிடமும், இன்னொன்று 500 பேரை 360 நிமிடமும் பாதித்தது என்போம். சைடி = (1,80,000 + 1,80,000) ÷ 5,000 = 72 நிமிடம். சைஃபி = 2,500 ÷ 5,000 = 0.5. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு தடை சராசரியாக நீடித்த நேரம், 144 நிமிடம். அதற்குப் பெயர் கைடி. முதல் தடையை நிறுவனம் அடியோடு தவிர்த்திருந்தால் சைடி 36 ஆக இறங்கும், கைடியோ 360 ஆக ஏறும். கைடியை மட்டும் வைத்துக் குறைசொன்னால் நல்ல வேலை செய்தவரைத் திட்டியதாகிவிடும்.

அமெரிக்க ஐ.இ.இ.இ. 1366 தரத்தில் 5 நிமிடத்துக்கு மேற்பட்ட தடைதான் இந்தக் கணக்கில் சேரும். வேறு நாடுகளில் எல்லை வேறு. பெரிய ஓட்டை வேறொரு இடத்தில் இருக்கிறது: பல நிறுவனங்கள் 11 கேவி பிரேக்கர் விழுந்தால் மட்டுமே எழுதிக்கொள்கின்றன. தாழ்வழுத்த ஃபியூஸ் போய் ஒரு தெரு எட்டு மணிநேரம் இருட்டில் கிடந்தால் அது எங்கும் பதிவாகாது. திட்டமிட்ட மின்வெட்டைச் சேர்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

இழப்பு குறைந்தால் நல்லதுதானே? அதிலென்ன சூது?

திருட்டு அதிகமுள்ள ஃபீடரை நாளுக்குப் பத்து மணிநேரம் அணைத்து வைத்தால் இழப்பு மளமளவென்று இறங்கும். பணம் வராத இடத்துக்கு மின்சாரம் போகாததால் நிறுவனத்தின் நட்டமும் குறையும். அந்தப் பகுதியில் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவரும் சேர்ந்து இருட்டில் இருப்பார். அறிக்கையில் அவர் ‘திறன் மேம்பாடு’ என்ற வரியில் இருக்கிறார். இழப்பு எண்ணோடு ஃபீடர்வாரியான விநியோக மணிநேரத்தையும் கேட்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதற்கு உதவும் ஒரு சட்டகம், 2015-ல் உலக வங்கியின் எரிசக்திப் பிரிவு கொண்டுவந்த பல அடுக்கு அளவீடு. ‘இணைப்பு இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காமல் 0 முதல் 5 வரை அடுக்குகளாகப் பிரிக்கிறது. 3-ஆம் அடுக்குக்கு நாளுக்குக் குறைந்தது 8 மணிநேரமும் அதில் மாலையில் 3 மணிநேரமும் வேண்டும். 4-ஆம் அடுக்குக்கு 16 மணிநேரம், 5-க்கு 23. மின்அழுத்தம், தடை எண்ணிக்கை, கட்டணச் சுமை ஆகியவையும் மேலடுக்குகளில் சேரும். மீட்டர் கோப்பில் தெரியாததை வீட்டுக் கணக்கெடுப்பு காட்டிவிடும்.

கட்டணம் செலவை ஈடுகட்டவில்லை என்றால் அது திறமைக் குறைவா, அரசியலா?

இரண்டும் கலந்தது, பிரிக்கத்தான் வேண்டும். பற்றாக்குறையை நான்காக உடைக்கலாம்: செலவைவிடக் குறைவான கட்டணம், அளவுக்கு மீறிய இழப்பு, வசூலாகாத பில், தேவைக்கு அதிகமான ஆள்பலம். 2016-ல் உலக வங்கி சகாராவுக்குத் தெற்கே உள்ள 39 நாடுகளைப் பார்த்தபோது இயக்கச் செலவையும் மூலதனச் செலவையும் சேர்த்து ஈடுகட்டியவை செஷெல்ஸ், உகாண்டா இரண்டு மட்டுமே. உகாண்டாவில் 2005-ல் பகிர்மானத்தைத் தனியார் குத்தகைக்கு விட்டபோது 38 சதவீத அளவில் இருந்த இழப்பு பின்னர் 20-க்குக் கீழே வந்தது. ஆனால் அங்கே கட்டணம் அதிகம் என்ற புகாரும் கூடவே வளர்ந்தது. பணக் கணக்கில் தேறுவதும் மக்களுக்குக் கட்டுப்படியாவதும் ஒன்றல்ல.

டி.இ.ஏ. (தரவு உறைப் பகுப்பாய்வு) முறையில் 12 நிறுவனங்களை ஒப்பிட்டேன். ஒன்பது நிறுவனம் 100 சதவீதத் திறன் என்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். 1957-ல் ஃபாரெல் போட்ட அடித்தளத்தில் 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் உருவாக்கிய முறை இது. உள்ளீட்டுக்கு எவ்வளவு வெளியீடு எடுக்கிறார்கள் என்பதில் சிறந்தவர்களை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைந்து, மற்றவர்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று அளக்கும். உள்ளீடும் வெளியீடும் கூடக்கூட எல்லோருமே ஏதோ ஒரு கோணத்தில் ‘சிறந்தவர்’ ஆகிவிடுவார்கள். மாதிரிகளின் எண்ணிக்கை, உள்ளீடு–வெளியீடு மொத்தத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது கைக்கணக்கு. மூன்று உள்ளீடு, மூன்று வெளியீடு என்றால் 18 வேண்டும். உங்களிடம் 12 தான் இருக்கிறது. உள்ளீட்டைச் செலவு என்ற ஒன்றாகச் சுருக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: இந்த முறைக்குத் தரவுப்பிழை தெரியாது. விவசாய நுகர்வை ஊதிக்காட்டிய நிறுவனம், நாம் மேலே பார்த்தபடி, விற்பனை யூனிட்டில் பெரிதாகத் தெரிந்து எல்லைக்கோட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற எல்லோரும் அதன் பொய்யோடு ஒப்பிடப்படுவார்கள். ஒவ்வொரு நிறுவனமாக நீக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒன்றை நீக்கியதும் மற்றவர்களின் மதிப்பெண் எகிறினால் அதன் தரவைத்தான் தோண்ட வேண்டும். மலைப்பகுதியையும் நெருக்கமான நகரத்தையும் ஒப்பிடும்போது ஒரு கிலோமீட்டர் மின்பாதைக்கு எத்தனை இணைப்பு என்பதையும் சேர்க்காவிட்டால் புவியியலுக்குத் தண்டனை கொடுத்ததாகும்.

ப்ரீபெய்டு மீட்டர் வைத்தால் வசூல் 100 சதவீதம் ஆகிவிடுமே, அப்புறம் என்ன பிரச்சினை?

வசூல் திறன் ஏறும், பில் திறன் இறங்கக்கூடும். பாக்கி வைத்தவர் மீட்டரைத் தாண்டி வயர் போட்டுக்கொண்டால் பாக்கி மறைந்து திருட்டாக மாறும். 90 நாளாக ஒரு ரீசார்ஜ்கூடச் செய்யாமல், ஆனால் ஆள் குடியிருக்கும் இணைப்புகளின் பட்டியலை எடுங்கள். முதல் சோதனை அங்கேதான் நடக்க வேண்டும்.

கூரைச் சூரியத் தகடு வந்த ஃபீடரில் இழப்பு ஏறியதாகக் காட்டுகிறது. தகடு இழப்பைக் குறைக்கும் என்றல்லவா சொன்னார்கள்?

கணக்கு மாறியிருக்கலாம், கம்பி மாறவில்லை. துணைமின் நிலையத்திலிருந்து 100 யூனிட், கூரைகளிலிருந்து ஏற்றுமதி 8, வலையிலிருந்து நுகர்வோர் எடுத்தது 83 என்று வையுங்கள். உண்மையான உள்ளீடு 108. இழப்பு 25 ÷ 108 = 23.1 சதவீதம். பில் பிரிவு ஏற்றுமதியைக் கழித்து 75 யூனிட் மட்டும் எழுதி, உள்ளீட்டை 100 ஆகவே விட்டால் 25 சதவீதம் என்று வரும். ஏற்றுமதியை இரண்டு பக்கமும் எழுதினால் சரியாகும். மீதமான யூனிட்டை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துவைக்கும் திட்டம் என்றால், பில் எண்ணை விட்டுவிட்டு மீட்டரின் இறக்குமதி, ஏற்றுமதிப் பதிவுகளை நேரடியாக எடுங்கள்.

நேர்மாறான கோளாறும் உண்டு. திருட்டைத் தடுப்பதற்காக, மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் நுகர்வாகவே கூட்டும்படி அமைத்த மீட்டர்கள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. தகடு பொருத்திய வீட்டில் அதை மாற்றாமல் விட்டால், அந்த வீடு அனுப்பிய 8 யூனிட்டும் அது வாங்கிய யூனிட்டாகப் பில்லில் ஏறும். ஏற்றுமதி தனியாகப் பதிவாகாததால் உள்ளீடு 100 ஆகவே நிற்கும், பில் 91 ஆகும். இழப்பு 9 சதவீதம் என்று இறங்கித் தெரியும், தகடு வைத்தவர் தான் கொடுத்த மின்சாரத்துக்குத் தானே பணம் கட்டிக்கொண்டிருப்பார். தகடு வந்த இணைப்புகளில் இருதிசை மீட்டர் இருக்கிறதா என்பதைப் பட்டியலோடு போய்ப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஃபீடரின் கணக்கைத் தொட வேண்டும்.